நாலு மீற்றர் பிழை

சுன்னாகம் சந்தையில் வெங்காயக் கொட்டிலின் பின்சுவரோடு ஒரு வெள்ளைக்காரன் குந்தியிருந்து கல்லிடுக்குகளில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் பெண்சாதி போனைப் பார்த்து இடப்பக்கம், வலப்பக்கம் என்று கை காட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் மூட்டை தூக்குகிற நாட்டாமைமார் ஐந்து பேர், லொறிக்கு மூட்டை ஏற்றி முடித்துத் தேத்தண்ணீருக்கு நின்றவர்கள்.

"போதைத்தூள் ஒளிக்கிறான் போல கிடக்கு" என்றார் மரியரட்ணம் அண்ணை. எங்களில் மூத்தவர் அவர்.

போய்ச் சுற்றி நின்றோம். வெள்ளைக்காரன் பயப்படவில்லை. பெருவிரல் அளவு டப்பா ஒன்றை இழுத்தெடுத்து, கிரிக்கெட் கப் வென்றவன் மாதிரித் தூக்கிக் காட்டினான். உள்ளே சுருட்டிய கடதாசி, அதில் பெயர்கள். லொறி ட்ரைவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். கேட்டுச் சொன்னான்: "உலகம் முழுக்க ஆரோ பெட்டி ஒளிச்சு வைக்கினமாம். வேறை ஆக்கள் போனிலை இடத்தைப் பாத்துத் தேடிப் பிடிக்கினமாம். பேரை எழுதிப்போட்டுத் திருப்பி அதே இடத்திலை வைச்சிட வேணுமாம்."

"பிடிச்சா என்ன குடுப்பினம்?"

"ஒண்டும் குடாயினமாம்."

"ஒண்டும் குடாத வேலைக்கு இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறான்" என்றார் மரியரட்ணம் அண்ணை. "என்ரை முதுகை அவனுக்குக் காட்டாதையுங்கோ. அழுதிடுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு என் மனைவியின் ஞாபகம் வந்தது.

கஜந்தினி ஒன்பது வருடம், சண்டை நடந்த முகமாலையில் மிதிவெடி எடுக்கிற வேலை செய்தவள். முழங்காலில் இருந்து, முள்வாரியால் மண்ணை விரல் விரலாகச் சுரண்டி, ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் முன்னேறினால் அது நல்ல நாள். கடைசி வருடம் அவள் முடித்துக் கொடுத்த நிலத்துண்டு ஒன்றில், சரிபார்க்க வந்தவர்கள் ஒரு மிதிவெடியைக் கண்டெடுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் துண்டை முழுக்கத் திருப்பிச் செய்தார்கள். வருட முடிவில் ஆட்களைக் குறைத்தபோது அவளையும் நிறுத்தினார்கள். அதற்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை. அதற்காக இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

முடித்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் சரிபார்ப்பார்களாம். மிச்சம் ஒன்பது பங்கும் அவளுடைய கண்ணை நம்பி விட்டது. அந்த ஒன்பது பங்கில் இப்போது சனம் குடியிருக்கிறது. அவளைத் தின்றது அதுதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகத் தாரிலும் சீமெந்திலும் மட்டுமே கால் வைத்தாள். தாயின் வெங்காயத் தோட்டத்துக்குப் போவதில்லை. கோவில் பின்வீதி மணலுக்குப் போவதில்லை. கீரை பிடுங்கவும் நான்தான் இறங்க வேண்டும். படலையிலிருந்து ரோட்டுக்கு எட்டடி மணல் கிடந்தது. அதில் நான் கல் பதித்துவிட்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? கதைத்து ஆளை மாற்றத் தெரியாது. மூட்டை தூக்கத் தெரியும், கல் பதிக்கத் தெரியும்.

விளையாட்டென்றால் மண்ணில் இறங்குவாளோ என்று ஒரு நினைப்பு. பின்னேரம் வேலை முடிந்து நேராகக் கஜீபனின் போன் கடைக்குப் போனேன்.

"பெட்டி தேடுற ஆப் ஒண்டு போட்டுத் தா."

"என்ன பெட்டி அண்ணை? தங்கமோ?"

"போடடா முதல்."

அவன் துழாவிவிட்டு மூன்று இருக்கிறது என்றான். பச்சை ஒன்று, நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. "எது நல்லதெண்டு எனக்குத் தெரியாது. மூண்டையும் போட்டுவிடுறன். உங்கடை போன் தாங்காது, ரெண்டை அழிச்சுப்போடுங்கோ. எதை அழிக்கிறதெண்டு அக்காவைக் கேளுங்கோ, அவவுக்குத்தானே உந்த வேலை தெரியும்."

கஜந்தினி குசினியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். வெள்ளைக்காரன் கதையைச் சொன்னேன்.

"விசரே உங்களுக்கு?" என்றாள். "ஒளிச்சு வைச்ச சாமானைத் தேடினது எனக்குக் காணும்."

"இது வெடிக்காது."

"ஆர் சொன்னது?"

"நீர் சும்மா ஆப்பை மட்டும் பாரும். எதை வைச்சிருக்கலாம் எண்டு சொல்லும். எனக்கு உதுகள் விளங்காது."

பெண்சாதியை 'நீர்' போட்டுக் கதைக்கிற ஒரே நாட்டாமை என்று சந்தையில் என்னை நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும். அவள் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

ஒரு நிமிடம் பார்த்தாள். முகம் மாறியது. வேலைக்குப் போன காலத்தில் விடிய ஐந்து மணிக்குச் சப்பாத்துக் கட்டுகிறபோது வருகிற முகம் அது. நான் அதைப் பார்த்து இரண்டு வருடம்.

"பச்சை, இடம் எவ்வளவு தூரம் பிழைக்கும் எண்டு காட்டேல்லை. தன்ரை பிழையைச் சொல்லாத சாமானை நம்பேலாது" என்றாள். "நீலம் காட்டுது, ஆனா டேட்டா இல்லாட்டி இடத்தின்ரை படம் வராது. கறுப்பிலை படத்தை முதலே இறக்கி வைக்கலாம். பாப்பம். சொல்லுறதைச் சொல்லும், செய்யுறதை எல்லோ பாக்கோணும்."

அடுத்த நாள் பின்னேரம் பார்த்தாள். எங்கள் ஒழுங்கையில், தாரின் விளிம்பில் ஒரு தடியை நட்டாள், நடச் சொல்லி என்னை ஏவினாள் என்பதுதான் சரி. தடியடியில் போனை வைத்து அந்த இடத்தை மூன்று ஆப்பிலும் பதிந்தாள். பிறகு நூறு அடி தள்ளிப் போய், தடியைப் பார்க்காமல் போனை மட்டும் பார்த்துத் திரும்பி வந்தாள். ஒவ்வொரு ஆப்புக்கும் மூன்று தரம். ஒவ்வொரு தரமும் "வந்துவிட்டாய்" என்று ஆப் சொல்கிற இடத்தில் நின்றுகொண்டு, தடிக்கு எத்தனை மீற்றர் என்று என்னை நாடாவால் அளக்க வைத்தாள்.

பச்சை அவளைப் பக்கத்து வீட்டு இரத்தினம்மாவின் கோழிக்கூட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது. இருபத்திரண்டு மீற்றர். நீலத்தின் அம்புக்குறி வெறிகாரன் மாதிரிச் சுற்றியது. கறுப்பு மூன்று தரமும் தடிக்கு நாலு மீற்றருக்குள் வந்தது. தன் பிழை நாலு மீற்றர் என்றே அதுவும் காட்டியது.

"இது பொய் சொல்லேல்லை" என்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. நான் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன், உள்ளுக்குள்ளே பெரிய சந்தோசம்.

அந்த நேரம் பார்த்து இரத்தினம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தா. கையில் பொலித்தீன் பை. பைக்குள் காணி உறுதி.

"என்ன நடக்குது இஞ்சை? தடி நடுறியள், நாடா பிடிக்கிறியள், போனிலை படம் எடுக்கிறியள். என்ரை வேலியை எவ்வளவு தள்ளப் போறியள்?"

"ஐயோ மாமி, இது காணி அளக்கிறேல்லை. விளையாட்டு."

"கலியாணம் முடிச்ச ரெண்டு பேர் நாடா பிடிச்சு விளையாடுறியளோ? எனக்குக் காது குத்தாதை குகதாசன். உன்ரை கொப்பரும் இப்பிடித்தான், ஒவ்வொரு மாரிக்கும் வேலிக்குக் கதியால் போடுறன் போடுறன் எண்டு ஒவ்வொரு சாணா இஞ்சாலை வந்தவர்."

"மாமி, அப்பாவை இழுக்காதையுங்கோ."

"இழுக்கேல்லை, அவர்தான் வேலியை இழுத்தவர்!"

ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் வேலி என்றால் சோற்றை விட்டு எழும்பி வருவார்கள். கஜந்தினி சமாதானம் பேசப் போனாள். "இது நாலு மீற்றர் பிழை காட்டும் மாமி, இதை வைச்சு வேலி அளக்கேலாது" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

இரத்தினம்மா விட்ட வாய் அப்போதுதான்: "ஓமோம். உன்ரை அளவையை நம்பேலாமைத்தானே வேலையாலை நிப்பாட்டினவங்கள்."

சொன்ன மனுசியே வாயைப் பொத்திக்கொண்டா. கஜந்தினி குனிந்து தடியைப் பிடுங்கினாள். மண்ணைத் தட்டினாள். வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் விடிய ஒரு கட்டு முருங்கைக்காய் வேலிக்கு மேலால் வந்து முற்றத்தில் விழுந்தது. இரத்தினம்மா மன்னிப்புக் கேட்கிற விதம் அது. கறி வைத்தோம். கஜந்தினி சாப்பிடவில்லை.

ஆனால் போனைக் கீழே வைக்கவில்லை. பச்சையையும் நீலத்தையும் அழித்துவிட்டுக் கறுப்பில் படத்தை நகர்த்திக்கொண்டே இருந்தாள். பருத்தித்துறைப் பக்கம் இரண்டு புள்ளி, கொழும்புத்துறையில் கடலோரம் ஒன்று. மூன்றாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது அவள் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ. முகமாலையிலை ஒண்டு கிடக்கு."

"என்ன?"

"பெட்டி. ஆரோ வைச்சிருக்கினம்." போனை என் பக்கம் திருப்பினாள். எனக்கு ஒரு புள்ளியும் சில எண்களும்தான் தெரிந்தன. அவளுக்கு அந்த எண்கள் வீட்டு விலாசம் மாதிரி. ஒன்பது வருடம் ஒவ்வொரு நாளும் எழுதிக் கொடுத்த எண்கள். "உது என்ரை துண்டு. நான் செய்து குடுத்தது. சரிபாத்த பங்குக்குள்ளை வரேல்லை உது."

நான் கையைக் கழுவாமல் நின்றேன்.

"உதை எடுக்க வேணும்" என்றாள். "ஆக்கள் போனைப் பாத்துப் பாத்து நடப்பினம். கீழை பாக்காயினம்."

"எழுதிப் போடலாமே, எடுக்கச் சொல்லி?"

"ஆருக்கு? என்னெண்டு? நான் ஒரு வெடியை விட்டிருப்பன் எண்டோ?" தலையை ஆட்டினாள். "நானே போய் எடுக்கிறன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் எங்காவது போகிறேன் என்று சொல்லி இரண்டு வருடமாயிற்று என்பதும் ஞாபகம் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை போவம்" என்றேன்.

மோட்டார்சைக்கிளில் கண்டி வீதியால் போனோம். கொடிகாமம் தாண்டினோம். பின்னால் இருந்தவளின் மடியில் ஒரு பை. அதற்குள் மண்ணைக் குத்திப் பார்க்கச் சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றும், வெட்டுக் கத்தியும், தண்ணீர்ப் போத்தலும்.

மோட்டார்சைக்கிளை வீதியோரம் நிறுத்தினேன். கறுப்பு ஆப் அறுபத்திரண்டு மீற்றர் என்றது. அவ்வளவுதான். வீதியிலிருந்து பார்த்தால் வடலிகளும், உன்னிப் பற்றையும், மொட்டையாக நிற்கிற பனைகளும். கொஞ்சம் தள்ளி ஒரு மாடு கட்டிக் கிடந்தது. அப்பால் ஒரு தகரக் கூரை. அரசாங்கம் எழுதிக் கொடுத்துச் சனம் குடியிருக்கிற நிலம்.

அவள் தாரின் விளிம்பில் நின்றாள். செருப்பின் முன்பக்கம் தாரில், மண்ணுக்கு ஒரு விரலிடை. நின்றாள், நின்றாள். இரண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போயின. அவளுடைய மேலுதட்டில் வியர்வை.

"நான் போய் எடுத்தாறன். நீர் நில்லும்" என்றேன்.

"காலை வைச்சியளெண்டா உங்களோடை கதைக்கமாட்டன்."

"மாடு கட்டியிருக்கினமே அப்பா."

"மாடு கட்டின இடத்திலை மாடு நிக்குது. மற்ற இடத்துக்கு மாடு சாட்சியோ?"

நான் வீதியில் குந்தினேன். அவசரமில்லை என்று காட்டுவதற்குச் செருப்பைக் கழற்றிக் கல் தட்டினேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தலையை உயர்த்தினபோது அவள் முழங்காலில் இருந்தாள், மண்ணில். கம்பி கையில்.

"எனக்குப் பின்னாலை வாங்கோ. நான் கை வைச்ச இடத்திலை மட்டும் கால் வையுங்கோ."

அறுபத்திரண்டு மீற்றருக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. கம்பியைச் சரித்துச் சரித்து மண்ணுக்குள் விட்டாள். சருகை இரண்டு விரலால் எடுத்தாள். என்னுடைய முழங்கால் வெடிக்கப் பார்த்தது; நூறு கிலோ மூட்டை இதற்கு எவ்வளவோ மேல். நடுவில் ஒரு வடலியைக் காட்டி, "அதுக்குக் கீழை ரெண்டு எடுத்தனான்" என்றாள். இன்னொரு இடத்தில், "உதிலைதான் புடையன் பாம்பு நிண்டது, என்னோடை வேலை செய்த டிலானி கத்தினவள்" என்றாள். இந்தத் துண்டில் மட்டும் நாற்பத்தொன்று எடுத்தாளாம். எடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எடுக்காமல் விட்டது ஏதும் இருந்தால் அதுதான் ஞாபகத்தில் இல்லாதது. அந்தப் பயத்தை நான் அன்றைக்குத்தான் முழுக்க விளங்கிக்கொண்டேன்.

போன் இரைந்தது. வந்துவிட்டோம் என்றது.

"நாலு மீற்றர் பிழை. எல்லாப் பக்கமும் பாக்கோணும்" என்றாள்.

விழுந்து கிடந்த கொங்கிறீற் தூண் ஒன்றின் அடியில், கல் அடுக்கி மூடியிருந்தது. நான் கையை நீட்டினேன். படாரென்று கையில் அடித்தாள். பத்து நிமிடம் அதைச் சுற்றி மண்ணைப் பார்த்து, கல்லைக் கல்லாக எடுத்து, கம்பியை அடியில் ஓட்டி, கடைசியில் தூக்கினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பெட்டி. மூடிக்குச் சுற்றிக் கறுப்பு டேப்.

உள்ளே ஒரு சின்னக் கொப்பி, பென்சில், வெளிநாட்டுச் சில்லறை ஒன்று, பிளாஸ்ரிக் ஆமை ஒன்று.

கொப்பியைத் திறந்தாள். முதலில் திகதிகளை மட்டும் பார்த்தாள். நாலு வருடம். விரல் வைத்து எண்ணினாள். இருபத்தாறு பேர். இங்கிலீஷில், இன்னும் ஏதோ பாசைகளில், இரண்டு இடத்தில் சிங்களத்தில். ஒரு பக்கத்தில் பென்சிலால், பள்ளிக்கூட எழுத்தில், தமிழ். வாசித்தாள்:

"மாட்டைத் தேடி வந்தோம். பெட்டி கண்டோம். இரண்டு ரொபி இனிப்பு இருந்தது. சாப்பிட்டோம். மன்னிக்கவும். தர்சினி, கீர்த்திகன்."

திரும்பவும் வாசித்தாள். "மன்னிக்கவும் எண்டு எழுதியிருக்குதுகள்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, மூக்கை உறிஞ்சினாள்.

"பாத்தீரோ" என்றேன். "இருபத்தாறு பேர்."

"உது சாட்சியில்லை. இருபத்தாறு பேர் கால் வைச்ச இடம், இருபத்தாறு பேர் கால் வைச்ச இடம். அவ்வளவுதான்."

"ஓம்."

"மற்ற இடத்துக்கு ஒண்டும் சொல்லேலாது."

"ஓம் அப்பா."

"என்ன ஓம் ஓம் எண்டுகொண்டு?"

"நீர் சொல்லுறது சரி. அதுதான் ஓம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தகரக் கூரைப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் வந்தது. ஆளைத் தெரியவில்லை, சத்தம் மட்டும் பற்றைகளுக்குள்ளால் ஓடியது, இங்கே ஒருக்கால், அங்கே ஒருக்கால். பாதையில் ஓடுகிற பிள்ளையின் சத்தம் இல்லை அது. கஜந்தினி கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரித்தது. மாடு கத்தியது. அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கினதைக் கண்டேன்.

"உங்களிட்டை ரொபி ஏதும் கிடக்கோ?"

"எள்ளுருண்டை கிடக்கு."

"எறும்பு வரும்." தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டாள், ஆமைக்குப் பக்கத்தில். பென்சிலை எடுத்து எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரின் பெயர், திகதி, நேரம், பிழை 4 மீ.

பெட்டியை மூடி டேப்பை அழுத்தித் தேய்த்தாள். தூணடியில் வைத்தாள். கல்லை அடுக்கினாள், முன்பிருந்ததைவிட ஒழுங்காக.

"எடுக்கத்தானே வந்தனாங்கள்?" என்றேன்.

"கிடக்கட்டும்."

போகலாம் என்று நான் வந்த தடத்தில் திரும்பினேன். அவள் எழும்பவில்லை. கையைக் கையால் தட்டிக்கொண்டு, வடலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ. எனக்கு ஒண்டுக்குப் போகோணும்."

"கொடிகாமம் போகுமட்டும் அடக்கேலாதோ? அங்கை கடை இருக்கு."

"ஏலாது. பேசாமல் அங்காலை திரும்புங்கோ."

நான் வீதியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கம்பியை அவள் என் கையில் தந்துவிட்டாள். பின்னால், கம்பி படாத பக்கம் சருகு நொறுங்கியது. முதல் அடி. நெடுநேரத்துக்குப் பிறகு இரண்டாவது. மூன்றாவது, நாலாவது. பிறகு எண்ண முடியாமல் அடிகள் சேர்ந்து வந்தன. உன்னிப் பற்றை விலகுகிற சத்தம்.

"திரும்பாதையுங்கோ!"

"திரும்பேல்லை."

"வீதியாலை ஆரும் வருகினமோ?"

"ஒருத்தரும் இல்லை. நீர் இரும்."